உங்கள் நோட்டில் எதிர்பாராத செலவு எது?

கேள்வி: குன்னூர் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நானும் கணவரும் வேலை செய்கிறோம். எனக்கு 39 வயது, கொழுந்து எடுக்கிறேன். அவருக்கு 43, ஃபேக்டரியில் இருக்கிறார். பிடித்தம் போக இருவருக்கும் சேர்த்து மாதம் 19,500 ரூபாய் கைக்கு வருகிறது. மகள் ஒன்பதாவது, மகன் ஐந்தாவது, இருவரும் அரசுப் பள்ளி. எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டில் இருக்கிறோம். 58 வயதில் ரிட்டயர் ஆனால் வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும், அதற்குள் சொந்தமாக ஒரு வீடு வேண்டும். மூன்று வருடமாக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்க்கிறேன். பாலை ஒரு லிட்டரில் இருந்து அரை லிட்டராக்கினேன், கேபிளை நிறுத்தினேன், கணக்கும் எழுதுகிறேன். ஆனாலும் கையில் நிற்பது 14,000 ரூபாய்தான். எதிர்பாராத செலவு ஏதாவது வந்து வாரிக்கொண்டு போகிறது. அவர் நகையாக வாங்கி வை என்கிறார். சித்தி மகன், பந்தலூர் பக்கம் நாலு சென்ட் இடம் இரண்டு லட்சத்துக்கு வருகிறது, முன்பணம் கொடு அக்கா என்கிறான். மகனை ஆறாவதில் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கவும் ஆசை. இன்னும் நான் எதைக் குறைப்பது?
(பெயர் வேண்டாம், குன்னூர்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கணக்கு நோட்டின் பக்கங்களையும் படமெடுத்து அனுப்பியது நல்லதாயிற்று. கடிதத்தை மட்டும் படித்திருந்தால் நானும் எல்லாரையும் போல டீயைக் குறை, ரீசார்ஜைக் குறை என்று எழுதியிருப்பேன். நோட்டைப் பார்த்த பிறகு அப்படி எழுத மனம் வரவில்லை. முதல் வேலையாக அந்த அரை லிட்டர் பாலைத் திரும்ப வாங்குங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். உங்கள் மாதச் செலவைக் கூட்டினேன். மளிகை, காய், பால் 7,500. கேஸ், கரண்ட், போன் 1,600. குழுக்கடன் தவணை 2,100. சீட்டு 1,000. கணவர் கைச்செலவு 2,800. பிள்ளைகள் டியூஷன் 800. பஸ், மருந்து 700. மொத்தம் 16,500. அதாவது மாதம் 3,000 ரூபாய் மிஞ்சுகிறது, வருடத்துக்கு 36,000. தீபாவளி போனஸ் இருவருக்கும் சேர்த்து 28,000 வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஆக, வருடத்துக்கு 64,000 ரூபாய் உங்கள் கையில் நின்றிருக்க வேண்டும்.

அது எங்கே போனது என்பதும் அதே நோட்டில் இருக்கிறது. ஜூனில் பள்ளி திறக்கும்போது ஷூ, பை, ரெயின்கோட் என்று 4,500. மாரியம்மன் திருவிழாவுக்கு 8,000. நாத்தனார் மகள் சடங்குக்குச் சீர் 18,000. மாமியார் கண் ஆபரேஷனுக்குக் கோயம்புத்தூர் போய்வந்தது 11,500. தீபாவளி 14,000. வருடம் முழுக்க வைத்த மொய் 9,000. கூட்டினால் 65,000 ரூபாய். வந்தது 64,000, போனது 65,000. நீங்கள் 14,000 சேர்த்ததே பெரிய விஷயம்.

இதில் எதிர்பாராதது எது, சொல்லுங்கள். தீபாவளி எந்த வருடம் வராமல் இருந்தது? பள்ளி ஜூனில் திறக்கும் என்று நமக்கு மே மாதமே தெரியும். திருவிழாத் தேதியை ஊர்க் கமிட்டி முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. நாத்தனார் மகள் வயது உங்களுக்குத் தெரியாததா? மாமியாருக்குக் கண்புரை ஒரே நாளில் வந்திருக்காது, இரண்டு வருடமாகப் பார்வை மங்கலாகத்தான் இருந்திருக்கும். எல்லாம் தெரிந்த செலவுகள். மாதக் கணக்கில் இவற்றுக்கென்று ஒரு வரி எழுதவில்லை, அவ்வளவுதான். எழுதாததால், அவை வரும்போதெல்லாம் சேமிப்பில் கை வைக்கிறீர்கள். அது பத்தாதபோது குழுவில் கடன் எடுக்கிறீர்கள்.

பாலைக் குறைத்ததில் மாதம் சுமார் 600 ரூபாய் மிச்சம், வருடத்துக்கு 7,200. ஒரு சீர்த் தட்டுக்கு 18,000. பிள்ளைகள் இரண்டரை வருடம் பால் குடிக்காமல் சேர்த்தது ஒரே முகூர்த்தத்தில் போய்விட்டது. மேட்டிலும் சரிவிலும் நாள் முழுக்க நின்று கொழுந்து எடுக்கிற உடம்புக்குச் சாப்பாட்டில் சிக்கனம் பிடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. லைனுக்குப் பின்னால் உங்களுக்கு ஒரு துண்டு இடம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் மேரக்காயும் பீன்ஸும் போட்டால் காய்ச்செலவு தானாகக் குறையும். காட்டுப்பன்றியும் காட்டெருமையும் விட்டுவைக்க வேண்டும், அது வேறு கதை.

அடுத்த வருடத்தின் பெரிய செலவுகளை இப்போதே ஒரு பக்கத்தில் எழுதுங்கள், மாதம் போட்டு. கண் ஆபரேஷன் செலவு இனி இல்லை. இருந்தாலும் அரசு மருத்துவமனையில் இலவசம், கண் முகாம்களில் கூட்டிப்போய்க் கொண்டுவந்தும் விடுகிறார்கள். அடுத்த முறை அவசரப்பட்டுத் தனியாரிடம் போக வேண்டாம். தீபாவளியைப் பத்தாயிரத்துக்குள் முடிக்கலாம்.

சீருக்கும் மொய்க்கும் கொஞ்சம் கூடுதலாகப் பேச வேண்டும். எஸ்டேட்டில் லைனுக்கு லைன் சொந்தம். ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு வெறுங்கையோடு போக முடியாது என்பது எனக்கும் தெரியும். மொய் ஒரு வகையில் வட்டியில்லாக் கடன். நீங்கள் வைப்பது உங்கள் மகள் சடங்கிலோ கல்யாணத்திலோ திரும்பி வரும். ஆனால் அவர்கள் ஆயிரம் வைத்தால் நாம் ஆயிரத்து ஐந்நூறு வைக்க வேண்டும் என்று ஏறிக்கொண்டே போகிற பழக்கம்தான் வீட்டைக் காலி செய்கிறது. மொய் நோட்டை எடுத்து, அவர்கள் வைத்த தொகையைப் பாருங்கள். அதையே வையுங்கள், நெருங்கிய சொந்தம் என்றால் நூறு சேர்த்து. அதற்கு மேல் கூடாது. சீருக்கு ஒரு வருடத்தில் எட்டாயிரம் என்று கணவரும் நீங்களும் இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். பத்திரிகை வந்த பிறகு பேசினால் சண்டைதான் வரும். தாய்மாமன் முறை என்று ஆரம்பித்தால் எந்த ஆணும் குறைத்துச் செய்ய ஒத்துக்கொள்ள மாட்டார்.

இப்படிப் போட்டால் வருடத்துக்கு 40,000 ரூபாயில் அடங்கும். போனஸ் 28,000. மிச்சம் 12,000, மாதம் ஆயிரம். இந்தப் பணத்துக்குத் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு வையுங்கள், ஏ.டி.எம். கார்டு வேண்டாம். போனஸ் வந்த வாரமே, தீபாவளிக்கு உள்ளதை எடுத்துக்கொண்டு மீதி 18,000-ஐ அதில் போட்டுவிடுங்கள். போனஸ் என்பது நீங்கள் வருடம் முழுக்க உழைத்த கூலியின் ஒரு பகுதி. சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. வானத்தில் இருந்து விழுந்த காசு மாதிரி அதைச் செலவு செய்வது எனக்கு எப்போதும் வருத்தம்தான்.

கணவரின் 2,800 பற்றிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள். அது எதற்கு என்று நான் கேட்கப்போவதில்லை. தொகை தெரிகிறது, மாதாமாதம் கூடவில்லை என்றால் அதோடு விடுங்கள். அதற்குப் பதிலாக உங்களுக்கும் ஒரு கைச்செலவு எழுதிக்கொள்ளுங்கள், 400 ரூபாயாவது. கணக்குக் காட்ட வேண்டாத காசு வீட்டில் ஒருவருக்கு மட்டும் இருந்தால், மற்றவர் எத்தனை வருடம் சிக்கனமாக இருப்பார்? உங்கள் எழுத்திலேயே அந்தச் சலிப்பு தெரிகிறது.

இனி கடன். 40,000 எடுத்து, மாதம் 2,100 வீதம் 24 மாதம் கட்டுகிறீர்கள். மொத்தம் 50,400. பத்தாயிரம்தானே அதிகம் என்று தோன்றும். ஆனால் அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறதே, அதைச் சேர்த்துக் கணக்கிட்டால் வட்டி வருடத்துக்கு 23 சதவீதத்துக்கு மேல் வருகிறது. ஒன்பது தவணை பாக்கி இருக்கிறது, கட்டி முடியுங்கள். முடியும் முன்பே கடன் தந்தவர்களின் அதிகாரி வந்து, நீங்கள் ஒழுங்காகக் கட்டுகிறீர்கள், அறுபதாயிரம் தருகிறோம் என்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். பணம் அவசியமாகத் தேவைப்பட்டால் மகளிர் சுய உதவிக் குழு வழியாக வங்கிக் கடன் கேட்கலாம், அதன் வட்டி இதைவிட நன்றாகக் குறைவு.

சீட்டு இன்னும் 14 மாதம் இருக்கிறது, அதையும் முடியுங்கள், புதிதாகச் சேர வேண்டாம். 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி சீட்டைப் பதிவு செய்துதான் நடத்த வேண்டும். பக்கத்து லைனில் நடப்பது அப்படி இருக்காது. பிடிக்கிறவர் நல்லவராகவே இருக்கலாம். அவருக்கும் ஒரு ஆபரேஷன் வரும், அவர் எஸ்டேட்டும் மூடும். சீட்டு முடிந்து வரும் 20,000, இப்போது இருக்கும் 14,000 இரண்டையும் உண்மையான அவசரத்துக்கு என்று தொடாமல் வையுங்கள்.

நகை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். செய்கூலி, சேதாரம், வரி என்று வாங்கும் அன்றே ஒரு பகுதி போய்விடும். மகளுக்குக் கொஞ்சம் வேண்டும்தான், வீட்டுக்காகச் சேர்க்கும் பணம் அதில் போகக் கூடாது. வீட்டில் இருக்கும் நகை அடுத்த சடங்குக்கு அடகுக்குப் போகும், உங்கள் நோட்டிலேயே இரண்டு முறை போயிருக்கிறது.

மகன் படிப்புக்கு வருகிறேன். தனியார் பள்ளிக்கு வேன் கட்டணத்தோடு வருடம் 35,000 ஆகும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறாவதில் மாற்றுவது என்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதல் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் போன்ற படிப்புகளுக்கும் 2021-இல் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேருபவர்களின் கல்லூரிக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024-இலும் தொடங்கின. அவற்றுக்கும் இதே ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரைதான் கணக்கு. இங்கிலீஷ் வேண்டும் என்பது நியாயமான ஆசை. பல அரசுப் பள்ளிகளிலேயே இங்கிலீஷ் மீடியம் பிரிவு உண்டு, கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் அந்த 800 ரூபாய் டியூஷனை இங்கிலீஷுக்கு என்று மாற்றுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் பையனை இருக்கிற இடத்தில் விட்டுவிடுவேன்.

பந்தலூர் இடத்துக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். அவ்வளவு குறைந்த விலையே ஒரு செய்தி. கூடலூர், பந்தலூர் தாலுகாக்களில் 1969-ஆம் ஆண்டு ஜன்மம் நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் வரும் நிலங்கள் ஏராளம். அவற்றின் உரிமைத் தகராறு பல தலைமுறையாக இழுக்கிறது. அங்கே வருடக்கணக்காகக் குடியிருப்பவர்களே பட்டா கிடைக்காமல், கரண்ட் இணைப்புக்கு அல்லாடுகிறார்கள். பட்டா அப்புறம் வரும் என்று பத்திரத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொடுப்பதெல்லாம் விற்பனை ஆகாது. கிரயம் பதிவு அலுவலகத்தில் பதிவாக வேண்டும். தம்பியிடம் சர்வே நம்பரைக் கேளுங்கள். அதை வைத்துப் பட்டாவை வருவாய்த் துறையின் இணையதளத்திலும், வில்லங்கத்தைப் பதிவுத் துறையின் தளத்திலும் பார்க்கலாம், இ-சேவை மையத்திலும் கேட்கலாம். சர்வே நம்பரைத் தரத் தயங்கினால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். அரசு வீட்டுத் திட்டங்களும் பெரும்பாலும் பட்டா உள்ளவர்களுக்குத்தான்.

இன்னொன்றும் யோசியுங்கள். மலையில் வீடு கட்டுவது சமவெளியில் கட்டுவது போலாகாது. மணலும் செங்கலும் சிமெண்டும் மேட்டுப்பாளையத்தில் இருந்து ஏறி வர வேண்டும். லாரி நிற்கும் இடத்தில் இருந்து மனை வரை தலைச்சுமைக் கூலி தனி. சரிவில் தடுப்புச்சுவருக்கு ஆகும் காசில் கீழே ஒரு அறையே கட்டிவிடலாம். 2009 நவம்பர் மண்சரிவு நடந்தபோது நீங்கள் இங்கேதான் இருந்திருப்பீர்கள், மண் வெட்டிய மேட்டுக்கு அடியிலோ ஓடைக்கரையிலோ இருந்த வீடு எப்படிப் போனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சமவெளியில் காரமடை, சிறுமுகை பக்கம் போய்விட்ட எஸ்டேட் குடும்பங்கள் நிறைய. வெயில் ஒத்துக்கொள்ளாது என்று இப்போது தோன்றலாம். உங்களுக்கு இன்னும் 19 வருடம் இருக்கிறது. பிள்ளைகள் எங்கே வேலைக்குப் போவார்கள் என்றே தெரியாதபோது இடத்தை இன்றே முடிவு செய்யத் தேவையில்லை. இப்போதைக்குப் பணத்தைச் சேருங்கள்.

அதற்கு வழி இது. 3,000 மிச்சத்தில் 1,000 வருடச் செலவுக்கு, 600 பாலுக்கு, 400 உங்கள் கைச்செலவுக்கு. மீதி ஆயிரத்துக்கு இந்த மாதமே தபால் நிலையத்தில் ஐந்து வருட ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் சேமிப்பு) ஒன்று போடுங்கள். ஒன்பது மாதம் கழித்துக் குழுக்கடன் முடிந்ததும், அந்த 2,100-இல் 2,000-ஐ அடுத்த மாதமே இன்னொரு ஆர்.டி.யாக்குங்கள். ஒரு மாதம் கையில் விட்டால்கூட அதற்கு வேறு வேலை வந்துவிடும். 2025-இல் ஆர்.டி. வட்டி 6.7 சதவீதம். அந்தக் கணக்கில் மாதம் 3,000 ஐந்து வருடத்தில் 2,14,000 ரூபாய் ஆகும். அதை டெபாசிட்டாக மாற்றிவிட்டு அடுத்த ஐந்து வருடம் 4,000, அதற்கடுத்து 5,000 என்று கூட்டினால், வட்டி சுமார் 7 சதவீதம் என்று வைத்தால், 15 வருடத்தில் 11 லட்சத்தைத் தாண்டும். வட்டி மாறும், வீட்டுச் செலவும் ஏறும், அதனால் இதை ஒரு குறியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் ஏறும் ஒவ்வொரு முறையும் ஏற்றத்தில் பாதி இதில் போக வேண்டும்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்று. இத்தனை வருட வேலையில் உங்களுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய சேமிப்பு பி.எஃப்., அதாவது வருங்கால வைப்பு நிதி. அதைப் பற்றி நோட்டில் இருப்பது ஒரே வரி, கணவர் தன் பணத்தைத் தங்கை கல்யாணத்துக்கும் பைக்குக்கும் எடுத்துவிட்டார் என்று. உங்கள் சம்பளம் பிடித்தத்துக்கு முன் 11,000. அதில் 12 சதவீதம், 1,320 ரூபாய், உங்களிடம் பிடிக்கிறார்கள். கம்பெனியும் அதே அளவு போடுகிறது. அதில் சம்பளத்தின் 8.33 சதவீதம் பென்ஷனுக்குப் போக மீதி உங்கள் கணக்குக்கு. மொத்தத்தில் மாதம் 1,724 ரூபாய் ஏறுகிறது. 2024-25-க்கு வட்டி 8.25 சதவீதம், ஆர்.டி.யைவிட அதிகம். வட்டி இதே அளவில் இருந்தால், இனிமேல் 58 வயது வரை ஏறுவது மட்டுமே 8 லட்சத்தைத் தாண்டும். கிராஜுட்டி என்ற பணிக்கொடை தனி. வருடத்துக்கு 15 நாள் சம்பளம் வீதம், இன்றைய சம்பளத்திலேயே 36 வருடச் சர்வீஸுக்கு 2,28,000 வருகிறது. உங்கள் வீட்டின் முக்கால்வாசிச் சுவர் இதில்தான் எழும். அவர் கணக்கில் எடுத்தது போனது போகட்டும், உங்கள் கணக்கை யாருக்காகவும் தொடாதீர்கள்.

எஸ்டேட் ஆட்களுக்கு இதில் ஒரு தொல்லை உண்டு. ஆதாரில் ஒரு பெயர், பி.எஃப். ஏட்டில் ஒரு பெயர், பிறந்த தேதி இரண்டிலும் வேறு வேறு. ரிட்டயர் ஆன பிறகு இதைத் திருத்த அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், பணம் இருந்தும் கைக்கு வராது. மகள் போனில் அரசின் உமாங் செயலியில் உங்கள் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பெயர், பிறந்த தேதி, வாரிசு நியமனம் மூன்றும் சரியா என்று பாருங்கள். தவறு இருந்தால் எஸ்டேட் ஆபீசில் எழுதிக் கொடுத்து இப்போதே திருத்துங்கள். அங்கே போகும்போது இன்னும் இரண்டு கேள்வி கேட்டு வாருங்கள். அவர் முதலில் ரிட்டயர் ஆனால், நீங்கள் வேலையில் இருக்கும்வரை லைன் வீட்டை வைத்துக்கொள்ளலாமா? சம்பளத்தில் 12 சதவீதத்துக்கு மேல் பி.எஃப்.க்குக் கூடுதலாகப் பிடிக்கச் சொன்னால் பிடிப்பார்களா? சரி என்றால், அந்த இரண்டாவது 2,000-ஐ ஆர்.டி.க்குப் பதில் அங்கேயே போடச் சொல்வேன். என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள், அதைப் பார்த்துத் தொகையை முடிவு செய்யலாம்.